மோட்டார் ரிப்பேர்

2022 ஜூலை 11, திங்கக்கிழமை. ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்து நாலு மாசம் தாண்டியிருந்தது. ஜெர்மனில, பிரேமன்ல எங்க ஆபீஸ் காபி மெஷின் பக்கத்துல நாலஞ்சு பேர் கப்போட நின்னுட்டிருந்தாங்க, எல்லாருக்கும் ஒரே கவலை. அன்னிக்குக் காலைலதான் ரஷ்யாவுலேர்ந்து ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டு வர நார்ட் ஸ்ட்ரீம் குழாயை வருஷாந்திர பராமரிப்புன்னு சொல்லி மூடியிருந்தாங்க. பத்து நாள் கழிச்சு 21ஆம் தேதி திறக்கணும். திறப்பாங்களா? கான்ட்ராக்ட் இருக்கு, திறந்துதான் ஆகணும்ங்கறார் ஒருத்தர். அதெப்படி, வாயுவை அழுத்தித் தள்ள வேண்டிய டர்பைன் கனடாவுல மாட்டிக்கிட்டிருக்கே, அது வந்தாத்தானேன்னு இன்னொரு பொண்ணு. கம்ப்ரசர், அழுத்தம், சீமென்ஸ், சர்வீஸ் ரிப்போர்ட்டுன்னு பேச்சு போயிட்டே இருக்கு. நான் பாட்டுக்கு பால் ஊத்திட்டிருந்தவன், என்னையறியாம "மோட்டார் ரிப்பேர்"னு தமிழ்ல வாய்விட்டு சொல்லி சிரிச்சுட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சரி விளக்கிடலாம்னு எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல "சின்ன வயசுல எங்க ஹவுஸ் ஓனர்..."னு ஆரம்பிச்சேன். "மோட்டார்னா கார் மோட்டாரா?"ன்னு ஒருத்தர் ரொம்ப அக்கறையா கேட்டார். குழாயைத் திறந்தா தண்ணி வரணும்னா வேற ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ள போய் சுவிட்ச் போடணும்ங்கறதையே அவங்களால கற்பனை பண்ண முடியல. விட்டுட்டேன்.

ஆனா அந்த சிரிப்பு அப்புறம் என்னை விடல. உலகத்துலயே பெரிய எரிவாயு வியாபாரத்தை நான் கொளத்தூர் வாடகை வீட்டை வச்சுப் புரிஞ்சுக்கறேனே, இது சரியா, இல்ல சும்மா ஊர்க்கதையை எல்லாத்துலயும் போட்டுப் பாக்கற வியாதியான்னு மூணு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு. அதை எழுதி இறக்கி வச்சுடலாம்னுதான் இது.

நாங்க இருந்தது மாடி போர்ஷன். கீழ முன்னாடி ஓனர், பின்னாடி சின்ன போர்ஷன்ல ஒரு டெய்லர் அண்ணன் குடும்பம். சம்ப் வாசல்ல, டேங்க் மொட்டை மாடில, மோட்டார் சுவிட்ச் மட்டும் ஓனர் வீட்டு ஹால்ல, காலண்டருக்குக் கீழ. காலைல ஆறு மணிக்கு அவர் போட்டாதான் எங்களுக்குத் தண்ணி. எட்டு வருஷம் ஒரு நாள்கூட தவறினதில்ல, அதை நான் இங்கேயே சொல்லிடணும், நல்ல மனுஷன்னுதான் எங்க வீட்ல பேச்சு. நான் ஒம்பதாவது படிச்சப்போ, 2003னு நினைக்கிறேன், டெய்லர் அண்ணனுக்கும் அவருக்கும் கரண்ட் பில்லுல ஏதோ தகராறு. அடுத்த வாரமே பின்பக்க குழாய்ல மட்டும் தண்ணி வரல. கேட் வால்வு ஜாம் ஆயிடுச்சாம், பிளம்பர் வரணுமாம். பிளம்பர் வரவே இல்ல. அந்த அக்கா தெருமுனை அடிபம்புல குடம் தூக்கிட்டுப் போறதை நாங்க மாடிலேர்ந்து பாத்துட்டிருந்தோம். அப்பா சொன்னார், "அவன் வாடகையே ஒழுங்கா குடுக்கறதில்ல, ஓனர் என்ன பண்ணுவார் பாவம்." சொன்னது மட்டுமில்ல. இந்த பின்பக்கத்து சண்டைல நம்ம லைனும் மாட்டிக்கக் கூடாதுன்னு, டேங்குலேர்ந்து எங்க போர்ஷனுக்குத் தனியா ஒரு பைப் லைன் இழுக்க ஓனர்கிட்ட பர்மிஷன் கேட்டு, சொந்தக் காசுல போட்டார். நீல பிளாஸ்டிக் குழாய், செவுத்துல கிளிப் அடிச்சு, பாக்க அழகா இருந்தது. யார் வந்தாலும் காட்டுவார். நமக்குத் தனி லைன்.

ஆறு மாசம் கழிச்சு ஓனர் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாடி அவங்களுக்கு வேணும். ஆனா "காலி பண்ணுங்க"ன்னு அவர் ஒரு நாளும் சொல்லல. ஏன்னா அவர் சொன்னா பத்து மாச அட்வான்ஸை கைல எண்ணி வைக்கணும், அது எப்பவோ செலவாயிருந்தது. அதனால மோட்டார் ரிப்பேர் ஆச்சு. முதல்ல காயில் போச்சு, ரீவைண்டிங் குடுத்திருக்கு. அப்புறம் காயில் வந்துடுச்சு, கெப்பாசிட்டர் இல்ல. அப்புறம் வோல்டேஜ் கம்மி. அம்மா ஒவ்வொரு நாளும் இறங்கிப் போய் "அண்ணே, மோட்டார் என்னாச்சுண்ணே"ன்னு கேப்பாங்க, அவரும் ரொம்ப வருத்தமா புதுசா ஒண்ணு சொல்வார். ராத்திரி பதினோரு மணிக்கு கீழ மோட்டார் ஓடற சத்தம் கேக்கும். ஒரு நாள் டேங்க் நிரம்பி சன்ஷேட் மேல தண்ணி சரசரன்னு கொட்டுது, எங்க குழாய்ல ஒரு சொட்டு இல்ல. அப்பா அந்த நீலக் குழாயைத் தட்டிப் பாத்துட்டு நின்னது இன்னிக்கும் கண்ணு முன்னாடி இருக்கு.

வார்ட்டுங்

ஜெர்மன்ல பராமரிப்புக்கு வார்ட்டுங்னு பேரு. அதே சொல்லுலேர்ந்து வர வார்ட்டன்னா காத்திருக்கறது. மொழி கத்துக்கிட்டப்போ இது எனக்கு வேடிக்கையா இருந்தது, 2022 கோடைல இந்த நாட்டுக்கே அதுதான் நடந்தது, எல்லாரும் பராமரிப்புல உக்காந்திருந்தாங்க.

காரணங்களை வரிசையா வச்சுப் பாத்தா எங்க ஓனரே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும். மார்ச் கடைசில ரஷ்யாக்காரங்க வாயுவுக்கு ரூபிள்ல பணம் கட்டணும்னாங்க, கட்டாத போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ஏப்ரல் 27ல நிறுத்தினாங்க, அப்புறம் ஃபின்லாந்து, நெதர்லாந்து, டென்மார்க். ஜூன் நடுவுல நார்ட் ஸ்ட்ரீம்ல வரத்து 40 சதவீதமா இறங்கிச்சு, காரணம் போர்டோவாயா கம்ப்ரசர் ஸ்டேஷன்ல டர்பைன் பத்தல, ஒண்ணு மான்ட்ரியால்ல சர்வீஸுக்குப் போய் கனடா ரஷ்யா மேல போட்ட தடையால மாட்டிக்கிச்சு. கனடா விதிவிலக்கு குடுத்து அனுப்பிடுச்சு. டர்பைன் ஜெர்மனி வந்து சேந்தது, ஆனா இப்ப பேப்பர் சரியில்லன்னாங்க. ஜூலை 27ல 20 சதவீதம். ஆகஸ்ட் 3 அன்னிக்கு சான்சலர் ஷோல்ஸ் ம்யுல்ஹைம்ல அந்த டர்பைன் பக்கத்துலயே போய் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார், இதோ இருக்கு, ரெடியா இருக்கு, எப்ப வேணா கொண்டு போகலாம்னு. எனக்கு அந்தப் போட்டோவைப் பாத்தா எங்க அம்மா ஞாபகம். அம்மாவும் ஒரு நாள் தானே கடைக்குப் போய் கெப்பாசிட்டர் வாங்கிட்டு வந்து ஓனர்கிட்ட நீட்டினாங்க. வாங்கி ஷெல்ஃப்ல வச்சுட்டு, "இது வேற மாடல்மா"ன்னார்.

அதே ஆகஸ்ட்ல ஃபின்லாந்து எல்லைல இருக்கறவங்க அந்தப் பக்கம் வானத்துல பெரிய தீ எரியறதைப் பாத்தாங்க. போர்டோவாயா பக்கம்தான், ஐரோப்பாவுக்கு அனுப்பாத வாயுவை எரிச்சுட்டிருக்காங்கன்னு நிபுணர்கள் சொன்னாங்க, நாளைக்கு 40 லட்சம் கன மீட்டருக்கு மேல இருக்கும்ங்கறது ஒரு கணக்கு. சன்ஷேட் மேல கொட்டின தண்ணிதான் அது, வேற என்ன.

ஆகஸ்ட் 31ல திரும்ப மூணு நாள் பராமரிப்பு. செப்டம்பர் 2, ஜி7 நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்கு விலை வரம்பு வைக்கறோம்னு ஒத்துக்கிட்ட அதே நாள் சாயங்காலம், ஆயில் லீக்னு சொல்லி காலவரையில்லாம மூடியாச்சு. இந்த லீக்குக்கெல்லாம் குழாயை நிறுத்த வேண்டியதில்ல, அங்கேயே அடைச்சுடலாம்னு டர்பைன் பண்ற கம்பெனியே சொல்லிச்சு. செப்டம்பர் 5ல கிரெம்ளின் பேச்சாளர் பெஸ்கோவ் வாயிலேர்ந்தே வந்துடுச்சு, தடையை எடுத்தாத்தான் முழுசா வரும்னு. இந்த மாதிரி உண்மை எப்பவும் கடைசிலதான் வரும், அதுவும் கோவத்துல வரும். எங்க ஓனரும் கடைசில ஒரு நாள் படிக்கட்டுல நின்னு கத்தினார், "வீடு என்னுதுய்யா."

இதுல பலர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. இவ்வளவு பெரிய நாடு, அணுகுண்டு வச்சிருக்கற நாடு, நிறுத்திட்டேன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு டர்பைன், பேப்பர், ஆயில் லீக்? அட்வான்ஸ்தான். ஜூலை 14 தேதி போட்டு ரஷ்ய அரசு எரிவாயுக் கம்பெனி காஸ்ப்ரோம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பிச்சு, எங்க கைல இல்லாத காரணத்தால சப்ளை பண்ண முடியல, அதுவும் ஜூன் 14லேர்ந்தே கணக்கு வச்சுக்கங்கன்னு. வேணும்னே மூடினேன்னு ஒத்துக்கிட்டா நஷ்டஈடு கட்டணும், ரிப்பேர்னா கட்ட வேண்டாம். அந்த சாக்கு பலிக்கல, அது வேற விஷயம்: 2024 ஜூன்ல யூனிப்பர்ங்கற ஜெர்மன் எரிவாயுக் கம்பெனிக்கு 13 பில்லியன் யூரோவுக்கு மேல தரணும்னு தீர்ப்பாயம் சொல்லிச்சு. வசூலாகறது எப்படின்னு கேக்காதீங்க. எங்க அட்வான்ஸும் முழுசா வரல.

சம்ப்பை வித்தவங்க

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பேப்பர் படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு விஷயம் உண்மைல உறைச்சது 2023 அக்டோபர்ல. பிரேமன்லேர்ந்து தெற்கே ஒரு மணி நேரம் போனா டீப்ஹோல்ஸ்னு ஒரு ஊர், அதைச் சுத்தி சதுப்பு நிலம், இலையுதிர் காலத்துல பெருங்கொக்கு ஆயிரக்கணக்குல வந்து தங்கும். கொக்கு பாக்கணும்னு என் மனைவிக்கு ரொம்ப நாள் ஆசை. போற வழில ரேடன்னு போர்டு பாத்ததும் காரை ஓரங்கட்டிட்டேன். "கொக்கு இங்கயா?"ன்னா. இல்லம்மா, சம்ப்.

பாக்க ஒண்ணுமே இல்ல. அறுவடை முடிஞ்ச சோளக் காடு, வேலி, மண்ணுக்குள்ளேர்ந்து எழும்பி திரும்ப மண்ணுக்குள்ளயே போற வெள்ளி நிறக் குழாய்ங்க, லேசா ஒரு ரீங்காரம். ஆனா கீழ ரெண்டாயிரம் மீட்டர் ஆழத்துல, ஒரு காலத்துல எரிவாயு எடுத்து காலியான பாறை இருக்கு, அதுக்குள்ள 400 கோடி கன மீட்டர் வரைக்கும் அடைச்சு வைக்கலாம். ஜெர்மனியோட மொத்த சேமிப்புல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு, மேற்கு ஐரோப்பாவுலயே பெருசு. கோடைல ரொப்பி குளிர்ல எடுக்கணும், அவ்வளவுதான் வேலை. அம்மாவோட நீல ட்ரம்முக்கும் இதுக்கும் வித்தியாசம் அளவுல மட்டும்தான்.

இந்த ட்ரம்மை 2015 செப்டம்பர்ல காஸ்ப்ரோம்கிட்ட குடுத்துட்டாங்க. யாரும் திருடல, ஏமாத்தல, முறைப்படி ஒரு பண்டமாற்று. பி.ஏ.எஸ்.எஃப்.ங்கற ஜெர்மன் ரசாயனக் கம்பெனியோட துணை நிறுவனத்துக்கு சைபீரியா யுரெங்கோய் வயல்ல பங்கு, பதிலுக்கு இங்க இருந்த வாயு விற்பனையும் இந்த சேமிப்பும் அவங்களுக்கு. தேதியை மறுபடி பாருங்க, ரஷ்யா உக்ரைன்கிட்டேர்ந்து கிரிமியாவை எடுத்துக்கிட்டது 2014 மார்ச்ல. ஒன்றரை வருஷம் கழிச்சு. பின் போர்ஷன்காரன் குடத்தோட தெருவுல நிக்கறதைப் பாத்துக்கிட்டே சம்ப் சாவியையும் ஓனர்கிட்ட குடுக்கறது. நாங்ககூட அவ்வளவு தூரம் போகல.

அப்புறம் 2021. கோடை முழுக்க மத்த சேமிப்பெல்லாம் ஓரளவு ரொம்பிட்டே வந்தது, ரேடன் மட்டும் ரொம்பல. குளிர் ஆரம்பிக்கறப்போ பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, குளிர் முடியறப்போ கிட்டத்தட்ட காலி. ஒப்பந்தப்படி வர வேண்டிய வாயு வந்துட்டேதான் இருந்தது, அதுல குத்தம் சொல்ல முடியாது, வழக்கமா கூடுதலா விக்கறது மட்டும் நின்னு போச்சு, அவங்க கைல இருந்த ட்ரம் மட்டும் ரொம்பல. டிசம்பர் 21லேர்ந்து, ரஷ்யாவுலேர்ந்து போலந்து வழியா வர யமால் குழாய்ல வாயு போலந்துலேர்ந்து மேற்க வராம ஜெர்மனிலேர்ந்து கிழக்கப் பாத்து ஓடிச்சு. சந்தை நிலவரம், விலை சரியில்ல, ரஷ்யாவுலயே முதல்ல சேமிக்கணும்னு ஆயிரம் விளக்கம். 2022 பிப்ரவரி 24 காலைல டாங்கி எல்லை தாண்டினப்போ, இங்க ட்ரம் ஏற்கனவே காலி. அப்ப ஆபீஸ்ல நான் சிரிச்சேனே ஜூலைல, அது பத்து மாசம் லேட். மோட்டாரை நிறுத்தறதுக்கு முன்னாடி ட்ரம்மை காலியா விட்டாச்சு, அதுதான் உண்மையான அடி, அதை நானும் கவனிக்கல, நானும் அந்த டிசம்பர்ல ஹீட்டரை மூணுல வச்சுக்கிட்டு டி-ஷர்ட்டோட உக்காந்திருந்தேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அப்பாவுக்கு போன் போட்டேன். "அந்த நீலக் குழாய் லைன் போட எவ்வளவுப்பா ஆச்சு?" "ஆயிரத்து நானூறு. அதை ஏன்டா இப்ப கேக்கற?" "சும்மாதான்பா." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரே, "டெய்லர் என்ன ஆனான்னு தெரியல"ன்னார். நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கவே இல்ல.

எங்களுக்கு ஒரு நாளும் நிறுத்தினதில்ல

எங்க கீழ் வீட்டுல ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டினவர், கிழக்கு ஜெர்மனில பொறந்தவர். இருபது வயசுல உக்ரைனுக்குப் போய் சோவியத் எரிவாயுக் குழாய்க்கு வெல்டிங் பண்ணவர், ட்ரசேன்னு சொல்வாங்க, அந்தக் காலத்துல கிழக்கு ஜெர்மன் பசங்க ஆயிரக்கணக்குல போனாங்க, நல்ல சம்பளம், திரும்பி வந்தா சீக்கிரம் கார் கிடைக்கும். அவருக்கு என் ஹவுஸ் ஓனர் கதை பிடிக்கல. "பனிப்போர் உச்சத்துலகூட அவங்க ஒரு நாளும் நிறுத்தினதில்ல"ன்னார். இது இங்க ரொம்ப காலமா மந்திரம் மாதிரி. 1970 பிப்ரவரில எஸ்ஸென்ல கையெழுத்தான ஒப்பந்தம், இவங்க பெரிய விட்டத்துல குழாய் குடுப்பாங்க, அவங்க வாயு குடுப்பாங்க, 1973லேர்ந்து மேற்கு ஜெர்மனிக்கு வர ஆரம்பிச்சது. 1982ல அமெரிக்க அதிபர் ரீகன், சைபீரியாவுலேர்ந்து வர புதுக் குழாய் வேணாம், மாட்டிப்பீங்கன்னு ஐரோப்பிய கம்பெனிங்க மேலயே தடை போட்டார், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரே கோச்சுக்கிட்டாங்க, அஞ்சு மாசத்துல நவம்பர்ல வாபஸ் வாங்கினார். குழாய் வந்தது, வாயு வந்தது, ரீகன் சொன்ன மாதிரி ஒண்ணும் ஆகல. 2018ல ஐ.நா. சபைல டிரம்ப் அதையே சொன்னப்போ ஜெர்மன் தூதுக்குழு உக்காந்து சிரிச்சது கேமராவுலயே இருக்கு. ஆள் யாருங்கறதை வச்சு சிரிச்சாங்க, நானும் அப்ப சிரிச்சிருப்பேன்.

பெரியவர் சொன்னதுல பொய் இல்ல. எட்டு வருஷம் எங்க மோட்டாரும் ஆறு மணிக்கு ஓடிச்சு. ஆனா நிறுத்தினதில்லன்னு யார் சொல்றாங்கங்கறதையும் பாக்கணும். 1990 மார்ச்ல லித்துவேனியா நாங்க தனி நாடுன்னு அறிவிச்சதும் ஏப்ரல்லயே மாஸ்கோ எண்ணெயை நிறுத்திச்சு, வாயுவை வெட்டிச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல. 2006 ஜனவரி 1ல உக்ரைனுக்கு. 2009 ஜனவரில திரும்ப உக்ரைன், அந்தத் தடவை அதைத் தாண்டி பல்கேரியா, ஸ்லோவாக்கியா வரைக்கும் ரெண்டு வாரம் குளிர்ல கிடந்தாங்க. அப்பல்லாம் இங்க வந்த முடிவு என்னன்னா, உக்ரைன் ஒழுங்கா பணம் கட்டறதில்ல, நமக்குத் தனி லைன் வேணும். அதுதான் நார்ட் ஸ்ட்ரீம். 1,224 கிலோமீட்டர், பால்டிக் கடலுக்கு அடியில, ரஷ்யாவோட வைபோர்க்லேர்ந்து ஜெர்மனியோட லுப்மினுக்கு. 2011 நவம்பர்ல சான்சலர் மெர்கெலும் ரஷ்ய அதிபர் மெத்வெதேவும் வட்டமான வால்வு கைப்பிடியைச் சேந்து திருப்பற போட்டோ இருக்கு. அதையும் வர்றவங்களுக்கெல்லாம் காட்டினாங்க.

நான் பெரியவர்கிட்ட சொன்னது இதுதான், நிறுத்தாம இருந்தது நல்லவங்கறதால இல்ல, நட்புனாலயும் இல்ல, வாடகை தேவைப்பட்டது. சோவியத் யூனியனுக்கு டாலர், மார்க் எல்லாம் மூச்சு மாதிரி. வாடகை வேணும்ங்கற வரைக்கும் ஓனரை மாதிரி நம்பிக்கையான ஆள் கிடையாது. வாடகையைவிட பெருசா ஒண்ணு அவருக்கு வேணும்னு ஒரு நாள் வரும், அங்க கல்யாணம், இங்க கீவ். அந்த நாளை எந்த பில்லுலயும் முன்கூட்டியே படிக்க முடியாது, ஏன்னா பில் அதுவரைக்கும் சரியாத்தான் வந்துட்டிருக்கும். அவர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "வெல்டிங் நல்லாதான் பண்ணோம்"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

லித்துவேனியாக்காரங்க 1990ஐ மறக்கல. 2014ல எல்.என்.ஜி., அதாவது குளிர வச்சு திரவமாக்கின எரிவாயுவை இறக்கற ஒரு மிதக்கற கப்பலை வாடகைக்கு எடுத்து கிளைபேடா துறைமுகத்துல கட்டி வச்சாங்க, பேரே இண்டிபெண்டன்ஸ். வேடிக்கை என்னன்னா, கப்பல் வந்து சேர்றதுக்கு முன்னாடியே காஸ்ப்ரோம் அவங்களுக்கு விலையைக் குறைச்சது. போர்வெல் போட கொட்டேஷன் வாங்கினதுமே ஓனர் இறங்கி வந்துட்டார். கப்பல் வாடகை வீண் செலவுன்னு பல வருஷம் அங்கேயே திட்டு. 2022 ஏப்ரல் தொடக்கத்துல, ஐரோப்பிய யூனியன்ல முதல் நாடா, இனிமே ரஷ்ய வாயு ஒரு சொட்டும் வேண்டாம்னாங்க.

லாரித் தண்ணி

2022 குளிரை எப்படித் தாண்டினோம்ங்கறது தனிக் கதை. ஆகஸ்ட் கடைசில சந்தை விலை மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டிச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி பத்துக்கும் கீழ கிடந்தது. எங்க மாசாந்திர கேஸ் தொகை 85லேர்ந்து 240ஆ ஏத்தி லெட்டர் வந்தது. அரசு ஆபீஸ்ல 19 டிகிரிக்கு மேல சூடு கூடாது, கை கழுவ வெந்நீர் கிடையாது, நினைவுச் சின்னங்களுக்கு ராத்திரி விளக்கு கிடையாது. பூந்தொட்டியைக் கவுத்து கீழ மெழுகுவத்தி ஏத்தி ரூமைச் சூடு பண்றேன்னு ஜனங்க கிளம்பி, தயவுசெஞ்சு வேணாம்னு தீயணைப்புத் துறை கெஞ்சிச்சு. கடைல எலக்ட்ரிக் ஹீட்டர் ஸ்டாக்கே இல்ல. நானும் ஒண்ணு 39 யூரோவுக்கு வாங்கி பேஸ்மென்ட்ல வச்சேன். டிசம்பர் தொகையை அரசாங்கமே கட்டிச்சு. டிசம்பர் 17ல வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென்ல, பிரேமனுக்குப் பக்கம்தான், முதல் எல்.என்.ஜி. டெர்மினல் திறந்தாங்க, ஒரு டெண்டருக்கே மூணு வருஷம் எடுக்கற ஊர்ல பத்து மாசத்துல. ரேடனையும் அரசாங்கம் கைல எடுத்தாச்சு, கடன் வாங்கிக் கொட்டி ரொப்பினாங்க, நவம்பர் நடுவுல நாட்டோட மொத்த சேமிப்பும் கிட்டத்தட்ட நூறு சதவீதம். ரஷ்யாவோட எரிவாயு ஆயுதம் தோத்துப் போச்சுன்னு எழுதினாங்க. காஸ்ப்ரோம் 2023ல 629 பில்லியன் ரூபிள் நஷ்டம் காட்டிச்சு, இருபது வருஷத்துக்கு மேல இல்லாத நஷ்டம். அதைப் படிச்சப்போ எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது.

ஆனா ட்ரம் எப்படி ரொம்பிச்சு? 2003 சென்னை தண்ணிப் பஞ்சத்துல எங்க தெருவுக்கு வர வேண்டிய லாரி சில நாள் வராது, காசு கூட குடுக்கற அப்பார்ட்மென்டுக்குப் போயிடும், டிரைவரைத் திட்டி என்ன பண்றது. 2022 ஜூலைல பாகிஸ்தான் பத்து கப்பல் எல்.என்.ஜி.க்கு டெண்டர் விட்டுச்சு, விலை சொல்லக்கூட ஒருத்தரும் வரல. பங்களாதேஷ் சந்தைல வாங்கறதையே நிறுத்திட்டு அட்டவணை போட்டு கரண்ட் கட் பண்ணிச்சு. இதெல்லாம் பொதுவா தெரிஞ்ச விஷயம்தான். எனக்குக் குத்தினது கெயில்.

கெயில்னா இந்திய அரசோட எரிவாயுக் கம்பெனி, நம்ம ஊர்ல கொங்கு பக்கம் வயலுக்குள்ள குழாய் பதிக்க வந்ததும் விவசாயிகள் போராடினதும்தான் ஞாபகம் வரும். அதே கெயில் 2012ல காஸ்ப்ரோமோட சிங்கப்பூர் கம்பெனிகிட்ட 20 வருஷத்துக்கு எல்.என்.ஜி. வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த சிங்கப்பூர் கம்பெனி காஸ்ப்ரோம் ஜெர்மானியாவுக்குக் கீழ. 2022 ஏப்ரல்ல ஜெர்மன் அரசாங்கம் அதைத் தன் பொறுப்புல எடுத்து, பேரை மாத்தி, செஃபேன்னு வச்சுது, ஐரோப்பாவுக்கு எரிசக்தியைப் பாதுகாக்கறதுன்னு அர்த்தம். ரேடனும் அதோட கைலதான் வந்தது. பேருக்கேத்த மாதிரி அந்தக் கோடைல இந்தியாவுக்குப் போக வேண்டிய கப்பல்கள் போகல. ரஷ்யா எங்க மேல தடை போட்டுடுச்சு, ரஷ்யாவோட யமால் எல்.என்.ஜி. ஆலைலேர்ந்து சரக்கு வரல, நாங்க என்ன பண்றதுன்னு காரணம். பொய்யுமில்ல, நிஜமாவே தடை இருந்தது. கெயில் உரத் தொழிற்சாலைகளுக்குக் குடுக்கற வாயுவைக் குறைச்சது, அப்புறம் வழக்குப் போட்டுச்சு, 2023ல சப்ளை திரும்ப ஆரம்பிச்சது, 2025 ஜனவரில 28.5 கோடி டாலர் குடுத்து முடிச்சுக்கிட்டாங்க.

இந்தச் செய்தியைப் படிச்சது ராத்திரி பத்து மணிக்கு, செவுத்து ரேடியேட்டர் பக்கத்துல கால் நீட்டி உக்காந்து. கப்பல் வராததுக்கு சொன்ன காரணத்தை ரெண்டு தடவை படிச்சேன். எங்க அம்மாகிட்ட ஓனர் சொன்னதும் எல்லாமே பொய் இல்ல, காயில் ஒரு தடவை உண்மைலயே எரிஞ்சுது, நான் பாத்தேன், கருகின வாசனைகூட வந்தது. இது ஆயுதம் இல்ல, நெருக்கடி, ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு எனக்கு நானே வாதாடிப் பாத்தேன். வித்தியாசம் இருக்குதான், நிச்சயமா இருக்கு. உரத் தொழிற்சாலைல உக்காந்திருக்கறவனுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னுதான் தெரியல. பின் போர்ஷன் அக்கா குடம் தூக்கிட்டுப் போறதை மாடிலேர்ந்து பாத்த அதே இடத்துலதான் திரும்ப நிக்கறேன், அதுவும் தனி லைனோட.

2025ல இன்னொண்ணு நடந்தது, பெருசா யாரும் பேசல. ஜூலைல எரிவாயு அவசரத் திட்டத்தோட ரெண்டாம் கட்ட அபாய நிலையை வாபஸ் வாங்கி, முதல் கட்ட முன்னெச்சரிக்கைக்கு இறக்கினாங்க. நவம்பர் 1க்குள்ள சேமிப்பு 90 சதவீதம் ரொம்பணும்ங்கற விதியையும் தளர்த்தி பொதுவா 80 போதும்னாங்க, ரேடனுக்கு 45. கோடை விலைக்கும் குளிர் விலைக்கும் வித்தியாசமே இல்ல, வாங்கி வச்சா யாருக்கும் லாபம் இல்ல, அதனால யாரும் ரொப்ப வரல. இந்தத் தடவை ஓனர் யாரும் இல்ல, சாக்கு மட்டும் இருக்கு, அதுவும் நியாயமான சாக்கு.

அந்த எலக்ட்ரிக் ஹீட்டர் இன்னும் பெட்டியே பிரிக்காம பேஸ்மென்ட்ல கிடக்கு. போன மாசம் இடத்தை அடைக்குதுன்னு 15 யூரோவுக்கு விளம்பரம் போட்டேன், பத்து நிமிஷத்துல ஒரு பையன், சாயங்காலமே வந்து எடுத்துக்கறேன்னான். பெட்டியை மேல தூக்கிட்டு வர்றப்போ கீழ் வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து பாத்தார். "விக்கப் போறியா?"ன்னார். ஆமான்னேன். கொஞ்சம் நின்னுட்டு, "ரெண்டாயிரம் வாட்டா?"ன்னார். ஆமா. "என்கிட்ட ஒண்ணு இருக்கு. நான் வச்சுக்கப் போறேன்"னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார். பையனுக்கு வித்துப் போச்சுன்னு மெசேஜ் போட்டுட்டு பெட்டியைத் திரும்பக் கீழ கொண்டு போனேன்.